அம்பயர் பார்க்காத டச்

கபடியில் பாடி வருகிறவளைப் பிடிக்க நிற்கும் ஏழு பேரும் தனித்தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் நிற்பவள் கையைக் கோத்துக்கொண்டுதான் நிற்போம். ஓரத்தில் நிற்பவள் கார்னர். அவளுக்கு உள்பக்கம் நிற்பவள் இன். பதினொன்றாம் வகுப்பில் நான் எங்கள் பள்ளி அணிக்குக் கேப்டன். லெஃப்ட் இன் என் இடம். என் இடது கையைப் பிடித்துக்கொண்டு லெஃப்ட் கார்னரில் நின்றவளை அணியில் எல்லாரும் கார்னர் என்றுதான் கூப்பிட்டோம். வகுப்பிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவள் திருப்பரங்குன்றத்திலிருந்து வருவாள். நான் அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆறரை மணி பஸ் பிடித்து வருவேன். பள்ளி நகரத்துக்குள் இருந்தது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் பள்ளி. பின்பக்கம் சின்ன மைதானம். ஏழரைக்குப் பயிற்சி தொடங்கும். இரண்டு வருஷம் தினமும் ஒரு மணி நேரமாவது அவள் கை என் கையில் இருந்தது. பாடி வருகிறவள் எந்தப் பக்கம் சாய்வாள் என்று அவளுக்கு முதலில் தெரிந்துவிடும். உடனே என் விரலை ஒரு அழுத்து அழுத்துவாள். வந்தவளின் கணுக்காலில் அவள் விழுவாள், நான் இடுப்பைப் பிடிப்பேன். பேசிக்கொள்ள வேண்டியதே இல்லை.

ஆனால் குணத்தில் நாங்கள் இரண்டு பேரும் வேறு வேறு. எங்கள் பி.டி. மிஸ் களத்துக்கு வெளியே நின்று, "உள்ள வந்தவ நடந்து போகக் கூடாது, நொண்டிக்கிட்டுத்தான் போகணும்" என்று கத்துவார். அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு ஆட்டத்தில் ஒருத்தியைப் பிடித்துத் தள்ளியபோது வேண்டுமென்றே என் முழங்காலை அவள் தொடையில் ஊன்றினேன். அவள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். நான் தொடையைத் தட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். கார்னர் மட்டும் போய்த் தண்ணீர் பாட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். "ஒனக்கு எதுக்குடி இந்த வேல?" என்று கேட்டேன். "தண்ணிதானடி" என்றாள்.

அந்த வருஷம் மாவட்ட அளவில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். ஜெயித்தால் மாநிலப் போட்டி. மாநிலப் போட்டியில் ஆடின சான்றிதழ் இருந்தால் காலேஜில் விளையாட்டுக் கோட்டாவில் இடம் கிடைக்கும் என்று மிஸ் சொல்லியிருந்தார். என் தாத்தா காலம் வரைக்கும் எங்கள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர்கள். அப்பா காலத்தில்தான் எங்களுக்கென்று முக்கால் ஏக்கர் வந்தது. காலேஜுக்குப் போனவர்கள் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. மார்க் எடுத்துச் சேர முடியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்கு இருந்த ஒரே வழி அந்தச் சான்றிதழ் என்றுதான் நினைத்திருந்தேன்.

இறுதி ஆட்டத்தில் கடைசி அரை நிமிஷம். நாங்கள் இருபத்திரண்டு, அவர்கள் இருபத்தொன்று. கடைசிப் பாட்டு அவர்களுடையது. நெடுநெடுவென்று ஒருத்தி, ஜடையை மடித்துக் கட்டியிருந்தாள், பாடிக்கொண்டு வந்தாள். நேராக எங்கள் பக்கம் வந்தாள். இரண்டு தடவை கையை நீட்டினாள், எட்டவில்லை. திரும்பி ஓடுகிற மாதிரி முகத்தைத் திருப்பி, அந்தத் திருப்பத்திலேயே காலைப் பின்னால் வீசினாள். அவள் பெருவிரல் நுனி கார்னரின் முழங்காலுக்குக் கீழே பட்டது.

நான் அதைப் பார்க்கவில்லை. ஆனால் என் கைக்குள் இருந்த அவள் கை ஒரு துள்ளு துள்ளியது. அது எனக்குத் தெரிந்தது.

நெட்டைக்காரி நடுக்கோட்டைத் தாண்டி, "டச் சார்! டச்!" என்று விரலைத் தூக்கினாள். அம்பயர் இல்லை என்று தலையை ஆட்டினார். ஓரத்தில் நின்ற இன்னொரு அம்பயரும் பார்க்கவில்லை என்று கையை விரித்தார். எங்கள் ஆட்கள் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக நான் கத்தினேன்: "எங்க சார் டச்சு? காத்துல கால ஆட்டுனா டச்சா?"

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே கார்னரின் விரல்கள் என் கையிலிருந்து கழன்றன. அவள் எல்லைக்கோட்டுக்கு வெளியே போய் நின்று கையைத் தூக்கினாள்.

"சார், பட்டுச்சு சார்."

அம்பயருக்கு முதலில் புரியவில்லை. "என்னம்மா?" என்றார்.

"எனக்குப் பட்டுச்சு. கால்ல."

விசில் அடித்தார். இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. சமன் என்றால் அணிக்கு ஐந்து பாட்டு கொடுப்பார்கள். அந்த ஐந்தில் எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு புள்ளியில் தோற்றோம். முடிந்ததும் அந்த நெட்டைக்காரி முதலில் கார்னரிடம் வந்து கை கொடுத்தாள். அப்புறம் என்னிடம் வந்தாள். நான் கொடுக்கவில்லை.

தண்ணீர்க் குழாய்கள் இருந்த சுவருக்குப் பின்னால் கார்னர் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போனேன். அணியில் மூன்று நான்கு பேர் கூட வந்தார்கள்.

"ஏண்டி, ஒன்னய யாராச்சும் கேட்டாகளா?"

"பட்டுச்சுல்ல."

"பட்டா? அவருக்குத் தெரியலல்ல? ரெண்டு அம்பயரும் இல்லங்கிறாய்ங்க, நீ எதுக்குடி போற?"

அவள் முகத்தைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை. "ஒனக்குத் தெரியும்ல? கையப் புடிச்சிருந்தியே" என்றாள்.

அறைந்துவிட்டேன். ஆட்டத்தில் எவ்வளவு வேகமாக ஆளைப் பிடிப்பேனோ அதே வேகத்தில். அவள் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். கூட வந்தவர்கள் என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். ஆனால், "அவளுக்கு வேணும்" என்று ஒருத்தி சொன்னதும் காதில் விழுந்தது. கொஞ்ச தூரத்தில் வேப்பமரத்தடியில் மிஸ் நின்றிருந்தார். அவர் பார்த்தார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். "வேன் வந்துருச்சு, ஏறுங்க" என்றார். அவ்வளவுதான். வேனில் கார்னர் டிரைவருக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து வந்தாள்.

அப்புறம் ஒரு வாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது இடது காதில் பஞ்சு இருந்தது. காது ஜவ்வில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். தானாக மூடிக்கொள்ளும், ஆனால் தண்ணீர் படக் கூடாது, இரண்டு மாசம் விளையாடக் கூடாது. இதை அவள் பக்கத்தில் உட்காருகிறவள் எனக்குச் சொன்னாள். எப்படி ஆச்சு என்று வகுப்பு மிஸ் கேட்டதற்கு, ஆட்டத்தில் ஒருத்தி முழங்கை பட்டுவிட்டது என்று சொன்னாளாம்.

எனக்கு முதலில் வந்தது பயம். சொல்லிவிடுவாள், அப்பாவைக் கூப்பிடுவார்கள், டி.சி. கொடுப்பார்கள் என்று பயந்தேன். அவள் சொல்லவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. வகுப்பில் என் பெஞ்சிலிருந்து பார்த்தால் அவள் இடது பக்கம்தான் தெரியும். யாராவது கூப்பிட்டால் தலையை முழுசாகத் திருப்பி வலது காதைக் கொடுத்துக் கேட்பாள். பஞ்சை எடுத்த பிறகும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தாள். மைதானத்துக்கு அவள் வரவில்லை. மிஸ்ஸும் கூப்பிடவில்லை. முழு ஆண்டுத் தேர்வு வரைக்கும் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஜூனில் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கியது. லெஃப்ட் கார்னருக்குப் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். பாடி வருகிறவள் காலை வீசினால் இவள் கண்ணை மூடிக்கொண்டு என் கையை உதறிவிட்டு ஓடிவிடுவாள். அணிக்கு நல்ல கார்னர் வேண்டும் என்றுதான் நான் போனேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் திருப்பரங்குன்றம் பஸ் ஏறினேன்.

முகூர்த்த நாள். பஸ்ஸில் கல்யாணக் கூட்டம், பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக. நான் படியில் தொங்கிக்கொண்டு போனேன். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். ஒரு தெருமுனையில் தேய்ப்பு வண்டி நின்றது. கரிப்பெட்டியால் சட்டை தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "கபடி வெளையாடுற புள்ள வீடு எது?" என்று கேட்டேன்.

"நான்தான் அவ அம்மா. ஸ்கூல்ல இருந்து வாரியா?" அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அவ பூசைக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா. வா தாயி, வெயில்ல நிக்காத."

வண்டியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் கூட்டிப்போனார்கள். ஒற்றை அறை, சுவரில் மாதா படம். வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தட்டு வைத்துச் சோறும் கோழிக்குழம்பும் போட்டார்கள். "அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்க, வெறும் வயித்தோடயா அனுப்புவேன்?" என்றார்கள். நான் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். பேச்சு அவள் காதைப் பற்றித் திரும்பியது.

"எவளோ ஒருத்தி முழங்கைய வச்சு இடிச்சிருக்கா. ஏண்டி நீ பாத்து வெளையாட மாட்டியான்னா, வெளையாட்டுன்னா அப்படித்தாம்மாங்கிறா. இடிச்சவளுக்கு இவளே வக்காலத்து."

பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கலாம். அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த அம்மா இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றக் குனிந்தபோது வாய் திறந்துவிட்டது.

"அம்மா, வெளையாட்டுல படல. நான்தான் அறைஞ்சேன்."

கரண்டி அப்படியே நின்றது.

"எதுக்கு?"

சொன்னேன். டச், அம்பயர், இருபத்திரண்டு, சான்றிதழ், எல்லாம் முன்னும் பின்னுமாகச் சொன்னேன்.

"பட்டுச்சுன்னு சொன்னதுக்கா அறைஞ்ச?"

"ஆமாம்மா."

அவர்கள் கரண்டியைச் சட்டிக்குள் போட்டார்கள். "தெனமும் நான்தான் காதுல பஞ்சு வச்சுக் குளிக்க ஊத்துனேன். ராத்திரி வலின்னு அழுவா. ஒரு நாகூட ஒன் பேரச் சொல்லல." அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. "சோத்த வீணாக்காத. தின்னுட்டு எந்திரி" என்று சொல்லிவிட்டு வெளியே வண்டிக்குப் போய்விட்டார்கள். தட்டில் இருந்ததை முழுவதும் தின்றேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தபோது கார்னர் தெருவில் வந்துகொண்டிருந்தாள்.

"நீ எதுக்கு இங்க வந்த?" என்றாள். என் முகத்தையும் அவள் அம்மா முகத்தையும் பார்த்துப் புரிந்துகொண்டாள் போல. "வா, பஸ் ஸ்டாப்புக்குப் போவோம்" என்று முன்னால் நடந்தாள். நான் அவளுடைய வலது பக்கமாகப் போய் நடந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். "நீ என்னய பெரிய யோக்கியம்னு நெனச்சுட்டுத்தான் அடிச்ச" என்றாள் கொஞ்ச தூரம் போனதும். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லடி. பட்டவுடனே அம்பயர் பாத்துட்டாருன்னு நெனச்சேன். வெளிய போகக் கால எடுத்துட்டேன். அப்பறந்தான் அவரு இல்லங்கிறாரு. நீ கத்திக்கிட்டு இருக்க. அப்ப உள்ள வந்து நிக்க முடியல. அம்புட்டுதான். யோசிச்செல்லாம் பண்ணல."

ஏழெட்டு மாசமாக நான் மனசுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். என்னைவிட நல்லவளாகக் காட்டிக்கொள்ளத்தான் அப்படிச் செய்தாள் என்றுகூட நினைத்திருக்கிறேன். அவள் அப்படி எதுவும் நினைக்கவே இல்லை.

"டீமுக்கு வரியா?" என்று கேட்டேன்.

"வாரேன். ஆனா பட்டா வெளிய போயிருவேன். இனிமே யோசிச்சே போவேன். அதுக்கு எவளும் என்னயக் கேள்வி கேக்கக் கூடாது. நீ எல்லாரு முன்னாடியும் சொல்லணும்." பஸ் வந்தது. "நீயும் போகணும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் மைதானத்தில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னேன். நான் அறைந்ததில்தான் அவள் காது போனது என்றும் சொன்னேன். இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். "அவளுக்கு வேணும்" என்று அன்றைக்குச் சொன்னவள் அழுதாள். ஆனால் டச் விஷயத்தில் ஒருவரும் ஒத்துவரவில்லை. எங்கள் அணியில் பாடிப் போகும் ரைடர், "எதிர் டீம்காரி ஒத்துக்குவாளா? நம்ம மட்டும் லூசா?" என்று கேட்டாள். மிஸ் கேட்டுக்கொண்டே நின்றிருந்தார். "அம்பயர் குடுக்காதது டச் இல்ல. அதான் ரூலு. நீங்க ரெண்டு பேரும் என்னமும் பண்ணுங்க, மத்தவளுகளக் கெடுக்காதீங்க" என்றார். அப்படியே ஆனது. கார்னரும் நானும் மட்டும் கை தூக்குவது. மற்றவர்கள் அவரவர் இஷ்டம்.

முதல் தடவை எனக்கு அது வந்தது ஒரு சாதாரண லீக் ஆட்டத்தில். பாடி வந்தவளின் நகம் என் முன்னங்கையில் கீறியது. யாரும் பார்க்கவில்லை. அவளே சரியாக உணரவில்லை, கேட்கவும் இல்லை. கார்னர் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியாது. வெளியே போக நாலு எட்டு வைக்க வேண்டும். கால் நகரவில்லை. இவ்வளவுக்கும் ஆட்டத்தில் நாங்கள் எட்டுப் புள்ளி முன்னால் இருந்தோம். எட்டுப் புள்ளி முன்னால் இருக்கும்போதே இவ்வளவு கனமாக இருந்தால், ஒரு புள்ளி முன்னால் இருக்கும்போது அவள் போனது எப்படி என்று நினைத்தேன். அப்புறம் போனேன். பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

அதனால் எங்களுக்கு நல்ல பெயர் எதுவும் வந்துவிடவில்லை. காலிறுதியில் ஒரு அம்பயர் கார்னருக்கு டச் என்று விசில் அடித்தார். அவள், "படல சார்" என்றாள். "நெசமாவே படல சார், பட்டா இவ சொல்லிருவா சார்" என்று நானும் போய்ச் சொன்னேன். "நீங்க சொல்லி நான் கேக்கணுமா? போம்மா வெளிய" என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அம்பயரை நோக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டேன். கார்னர் என் பனியனைப் பின்னாலிருந்து பிடித்து, "விடுடி, அவருக்கு அப்படித் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள். நான்கு புள்ளியில் தோற்றோம். அந்த நாலில் ஒன்று அந்த டச். மற்ற மூன்றும் எங்களுடைய தப்பு.

அன்றைக்கு முதன்முறையாக அப்பா ஆட்டம் பார்க்க வந்திருந்தார். வயலிலிருந்து டி.வி.எஸ். வண்டியில் நேராக வந்தவர், சேறு காய்ந்த காலோடு கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தார். முடிந்ததும், "அந்தாளு விசிலு தப்புல்ல?" என்று கேட்டார். "ஆமாப்பா." "அப்பறம் ஏன் சண்ட போடல?" என்றார். வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வழியில் வண்டியை நிறுத்திப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

விளையாட்டுக் கோட்டா கிடைக்கவில்லை. மார்க்கை வைத்துத்தான் ஒரு காலேஜில் சேர்ந்தேன். பரீட்சை எழுதி, தல்லாகுளத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலைக்கு வந்து இப்போது ஐந்து வருஷமாகிறது. கார்னர் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். காது முக்கால்வாசி சரியாகிவிட்டது. ரொம்பச் சத்தமான இடத்தில் மட்டும் கேட்காது என்பாள். அவள் அம்மா என்னோடு இப்போது பேசுவார்கள். போனால் காபி கொடுப்பார்கள். சாப்பிடச் சொல்வதில்லை.

என் கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய். அலுவலகத்தில் ஃபைலைத் தூக்கி மேஜையில் அடித்திருக்கிறேன். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு யார் மேலும் கை வைத்ததில்லை.

போன மாதம் ஏதோ சான்றிதழ் வேலையாக அவள் தல்லாகுளம் வந்திருந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் அலுவலகத்துக்கு எதிரே டீ குடித்தோம். இத்தனை வருஷமாகக் கேட்காமல் விட்டதைக் கேட்டேன்.

"நீ என்னய மன்னிச்சிட்டியாடி?"

அவள் டம்ளரை ஆட்டி ஆட்டி ஆற்றினாள். "அன்னைக்கே திருப்பி ஒண்ணு விட்டிருந்தா சரிக்குச் சரியாப் போயிருக்கும்" என்றாள். "நான் விடல. அதனால அது அப்படியே கெடக்கு."

"இப்ப விடு" என்று கன்னத்தைக் காட்டினேன். விளையாட்டாகத்தான்.

"ஆபீஸ் முன்னாடியா? போடி" என்று சிரித்தாள். சிரிப்பு நின்றதும், "கெடந்துட்டுப் போகட்டும்டி. அதுக்காக ஒன்கூடப் பேசாம இருக்கேனா?" என்றாள்.

அவளுக்கு மூன்று மணிக்கு டூட்டி. சாலையைக் கடந்து பெரியார் நிலையம் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் அலுவலகத்துக்குள் போனேன்.